டொக்கான் வெட்டும் மரம்

எங்கள் கல்லூத்தில் டொக்கானைப் பார்த்தவர் யாரும் கிடையாது, கேட்காதவரும் கிடையாது. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கி, ஆடுகள் பட்டிக்குத் திரும்பி, விளக்கைப் போடலாமா இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று பெண்கள் யோசிக்கிற நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று அது கூப்பிடும். பச்சை மரத்தில் கோடாலி விழுகிற அதே சத்தம். புதிதாக வேலைக்கு வரும் வனக்காவலர்கள் முதல் வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு ஓடி, சூரிமுள்ளில் சட்டை கிழிந்து திரும்புவார்கள், இரண்டாம் வாரம் அவர்களும் எங்களைப் போலவே தலையைத் தூக்காமல் சோறு தின்னப் பழகிவிடுவார்கள். சத்தத்தை வைத்துத்தான் அதற்குப் பேர். வேறு பேர் யாரும் வைக்கவில்லை, தேவையும் படவில்லை, போன ஐப்பசி வரைக்கும் அது வெறும் குருவியாகத்தான் இருந்தது.

போன ஐப்பசியில் அது வெட்ட ஆரம்பித்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் பேர்மரத்தைச் சொல்ல வேண்டும். கல்லூத்தில் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் காட்டோரத்தில் ஒரு மரத்துக்கு அந்தப் பிள்ளையின் பேரை வைப்போம். தொப்புள்கொடியை மரத்தடியில் புதைத்துவிட்டு, மூப்பர் மரத்தின் மேல் கை வைத்து, இன்னார் இருக்காரா என்று மூன்று தடவை கேட்பார், ஊர் இருக்கார் என்று சொல்லும். அன்றிலிருந்து அந்த மரத்தில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டோம். அந்த ஆள் செத்த அன்றுதான் அதில் கோடாலி விழும், அந்த மரம்தான் அவருக்குச் சிதை. பேர்மரம் இல்லாதவனுக்குச் சிதையும் இல்லை, அவனை ஓடையைத் தாண்டிக் கொண்டுபோய்க் குழி வெட்டி, செத்த கன்றுக்குட்டியைப் போடுவது போலப் போட்டு மூடிவிட்டு, கால்கூடக் கழுவாமல் வந்துவிடுவார்கள்.

வைத்த பேரை எடுக்கவும் வழி உண்டு. ஊருக்குத் துரோகம் செய்தவன் என்று தீர்மானித்துவிட்டால் மூப்பர் அதே மரத்தில் கை வைத்து அதே கேள்வியை மூன்று தடவை கேட்பார். கல்யாணம் ஆன ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கு ஒரு குரல், அந்த ஆளுக்கும் அவரைக் கட்டியவருக்கும் மட்டும் கிடையாது. மூன்று தடவையும் எல்லாரும் இல்லை என்றால் பேர் போய்விடும். ஒரே ஒரு வாய், யாராவது ஒருத்தர், மூன்றில் ஒரு தடவை இருக்கான் என்று சொன்னால் போதும், பேர் நிற்கும், அதற்குமேல் யாரும் பேசக் கூடாது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் பேரைக் கேட்டபோது அங்கே முப்பத்தேழு வாய் இருந்தது. முப்பத்தேழும் இல்லை என்றது. யார் எங்கே நின்றார்கள், யார் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்கள், யார் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே சொன்னார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். அதில் ஒரு வாய் என் கூடப்பிறந்த தங்கை மாதம்மாளுடையது.

குற்றம் இதுதான். மாதம்மாளின் புருஷன் வெள்ளையன் அப்போது மேல்மலையில் சந்தனக்கட்டை வெட்டுகிறவர்களோடு சேர்ந்திருந்தான். ஒருநாள் விடியற்காலையில் காவலர்கள் போய்க் காத்திருந்து அவனைக் கட்டையோடு பிடித்தார்கள், இரண்டரை வருஷம் உள்ளே இருந்தான். அதற்கு முந்தின நாள் நான் வனத்துறை ஆபீஸ் நிறுத்தத்தில் பஸ் ஏறியதை ஒருத்தன் பார்த்திருந்தான். அவ்வளவுதான் சாட்சி. சொந்த மச்சானையே காட்டிக்கொடுத்த கோடாலிக்காம்பு என்றார்கள். நான் சொன்னேனா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே பேரை எடுத்து, ஓடையைத் தாண்டிக் குடிபோகச் சொன்னார்கள். என் மரம் ஒரு வேங்கை, அந்தக் காட்டோரத்திலேயே நேரானது, அதை வீணாக விடுவானேன் என்று மூன்று மாதம் கழித்து மாதம்மாளுக்குப் பிறந்த பெண்பிள்ளைக்கு வைத்தார்கள். கௌசல்யா இருக்காளா என்று மூப்பர் கேட்டதும், இருக்கா என்று ஊர் சொன்னதும், ஓடைக்கு இந்தப் பக்கம் என் குடிசை வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. தாய்மாமன் நான். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்காரவைக்கவில்லை, மணைக்கட்டையில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அவள் பெரியவளானபோது குச்சு கட்ட ஓலை வெட்டியது வேறு யாரோ. என் பெண்டாட்டி ஒரு வருஷம் பார்த்தாள், நெருப்பு கேட்டாலும் தண்ணீர் கேட்டாலும் பதில் சொல்லாத ஊரில் எத்தனை நாள் இருப்பது என்று அவள் அம்மா வீட்டுக்குப் போனாள், அப்புறம் வரவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. மற்ற எல்லாரையும் சொல்கிறேன்.

ஐப்பசியில் ஒரு காலை, டீக்கடை சடையனின் மருத மரத்தில் பதினோரு வெட்டு இருந்தது. முந்தின அந்தியில் டொக்கான் பதினோரு தடவை கூப்பிட்டதாக எண்ணியவர்கள் சொன்னார்கள். அடுத்த அந்தி ஒன்பது, அடுத்த காலை ஒன்பது வெட்டு. சில்லு ஒன்றுகூடக் கீழே விழவில்லை, வெட்டு மட்டும் ஆழமாக, சுத்தமாக, கை பழகிய ஆள் போட்டது போல இருந்தது. ஆறாம் நாள் மரம் சாய்ந்தது, சடையன் கடையில் ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு டீயை ஆற்றிக்கொண்டே நின்றவன் ஆற்றிக்கொண்டே சரிந்தான். டீ ஒரு சொட்டு சிந்தவில்லை என்று அதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசினார்கள். மரம் ஏற்கெனவே சாய்ந்து கிடந்ததால் சிதைக்கு வெட்டுகிற வேலை மிச்சம்.

இரண்டாவது, இருபது வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் பிழைக்கப் போன கோவிந்தியின் உசிலை. அவள் ஊருக்கு வந்தே எட்டு வருஷம். உசிலை சாய்ந்த மத்தியானம் அவள் மகன் போன் செய்தான், அம்மா செத்ததை அவன் சொல்வதற்கு முன்னாலேயே இவர்கள் தெரியுமப்பா என்றார்கள். அவனுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டான்.

ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். விழுந்த இரண்டு மரத்தையும் டேப் வைத்து அளந்தார்.

"யாருய்யா வெட்டினது?"

"டொக்கானுங்க சார்."

"முழுப்பேரைச் சொல்லு. அப்பன் பேரு?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரேஞ்சர் ஊரில் இருந்த கோடாலி, அரிவாள், வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதிக்கொண்டு போனார். அன்று அந்தியில் டொக்கான் பதிமூன்று தடவை கூப்பிட்டது.

அப்புறம் ஊர் பழகிவிட்டது. பழகாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டே காட்டோரம் போய்த் தங்கள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது பால் ஊற்றப் போவது போல ஒரு வேலையாயிற்று. வெளியூரில் இருப்பவர்கள் போன் செய்து, என் மரம் நல்லா இருக்கா, அப்படியே ஒரு போட்டோ அனுப்புங்க என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பார்த்தார்கள். தகரம் சுற்றிப் பார்த்தார்கள், காலையில் தகரம் அப்படியே இருந்தது, உள்ளே மரத்தில் வெட்டு இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து காவல் காத்தார்கள், தலைக்கு மேல் சத்தம் கேட்டது, முதுகுக்குப் பின்னால் வெட்டு விழுந்தது, காற்றுகூட அசையவில்லை என்றார்கள். டிராக்டர் வைத்திருந்த மாணிக்கம், தன் மரத்தில் வெட்டு விழுந்ததும் மூப்பரைக் கூப்பிட்டுப் பேரை எடுக்கவைத்து, ஒரு புங்கங்கன்றுக்கு அன்றைக்கே மாற்றினான். காலி மரத்தை டொக்கான் விடவில்லை. அது சாய்ந்தது, மாணிக்கமும் சாய்ந்தான். இன்னொருத்தர் பேர் ஏறாத வரைக்கும் மரம் பழைய ஆளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

இதெல்லாம் எனக்குக் காற்றில் வந்த செய்தி. எனக்கு மரமும் இல்லை, பயமும் இல்லை. இந்த ஊரில் அந்த மூன்று மாதமும் நிம்மதியாகத் தூங்கியவன் நான் ஒருத்தன்தான், அதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன்.

தை பிறந்து இரண்டாம் நாள் வேங்கையில் வெட்டு விழுந்தது.

வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும். அது ரத்தம் போலத்தான் இருக்கும், ரத்தம் போலத்தான் உறையும். சின்னப் பிள்ளைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க அதைக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் எடுத்துவைப்பார்கள். பேர்மரத்தை யாரும் கீற மாட்டார்கள் என்பதால் கல்லூத்தில் வேங்கைப் பொட்டு சந்தையில் வாங்குவதுதான் வழக்கம். இப்போது மரம் தானாக வடிகிறதே என்று கைப்பிள்ளைக்காரிகள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியோடு போய் நின்றார்கள். அந்த வாரம் கல்லூத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் என் மரத்துப் பொட்டு இருந்தது. கௌசல்யாவின் மரத்துப் பொட்டு என்று அவர்கள் சொன்னார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிந்து, கீழூர் மாப்பிள்ளைக்கு நிச்சயம் ஆகி, மாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து மரத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் காபி குடித்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

எட்டாம் நாள் அவர்கள் ஓடையைத் தாண்டி வந்தார்கள். மூப்பர் பச்சையண்ணன், அவருக்குப் பின்னால் நான்கு பேர், எல்லாருக்கும் பின்னால் வெள்ளையன். பத்தொன்பது வருஷமாக ஈரமாகாத கால்கள். நான் உட்காரச் சொல்லவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

"தீர்த்தா, எப்படி இருக்கே?" என்றார் மூப்பர்.

"இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. இல்லாதவன்கிட்ட என்ன விசாரிப்பு?"

மூப்பர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வேங்கை உன்னுது. பிறந்தப்ப வெச்சது. இடையில ஏதோ நடந்துபோச்சு. இப்ப ஊர் கூடிப் பேசிச்சு, உன் பேரை உனக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு. பொண்ணுக்கு வேற கன்னு பார்த்துக்கலாம்."

"எவ்வளவு தாராளம். நல்லா நிக்கிறப்ப பொண்ணுக்கு, விழப் போறப்ப எனக்கு."

"உனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. அவ சின்னப்பொண்ணு."

"மரம் கிடைச்சா சிதையும் கிடைக்கும்," என்றான் பின்னால் இருந்தவன் ஒருத்தன், ஏதோ சலுகை சொல்வது போல.

வெள்ளையன் அதுவரை என் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவன்கிட்ட என்ன கெஞ்சல்," என்றான். "என்னை உள்ள தள்ளினான். இப்ப எம்பொண்ணைக் குழியில தள்ளுறான். ஒரே கை."

"மச்சான் பேசிட்டாரு," என்றேன். "எம்பது கிலோ கட்டையைத் தூக்கிட்டு மலை இறங்கினப்ப இந்த வாய் இருந்திருந்தா காவலர்கிட்டயே பேசித் தப்பிச்சிருக்கலாம்."

மூப்பர் குறுக்கே வந்தார். என்னதான் வேண்டும் என்று கேட்டார். நான் பத்தொன்பது வருஷமாக எடுத்துவைத்திருந்ததை எடுத்தேன்.

"பேரை வாங்கிக்கிறேன். ஆனா எடுத்த மாதிரியே குடுக்கணும். மரத்துக்கிட்ட ஊர் நிக்கணும், நீங்க கேக்கணும். இருக்கான்னு சொல்ற முதல் வாய் மாதம்மாளுதா இருக்கணும். சொல்லிட்டு, அன்னைக்கு நடந்ததையும் அவளே சொல்லணும்."

"என்ன நடந்தது?"

"அவளுக்குத் தெரியும்."

அவர்கள் போனார்கள். அவள் வரவில்லை. ஒன்பதாம் நாள் எட்டு வெட்டு, பத்தாம் நாள் பத்து வெட்டு. அந்திதோறும் நான் கட்டிலில் உட்கார்ந்து எண்ணினேன், ஓடைக்கு அந்தப் பக்கம் அவளும் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அண்ணனும் தங்கையும் பத்தொன்பது வருஷத்தில் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பதினோராம் நாள் அவள் மகள் வந்தாள். ஓடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, என் கட்டிலின் கால்மாட்டில் கேட்காமலேயே உட்கார்ந்தாள். எங்கள் அம்மாவின் நெற்றி அவளுக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"மாமாங்கிறது நீங்கதானா?" என்றாள்.

"யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை. அனுப்பினா வந்திருக்க மாட்டேன். எங்கம்மா நாலு நாளா சாப்பிடலை. நீங்க என்னமோ சொல்லணும்னு சொன்னீங்களாம். என்னன்னு கேட்டா சுவத்தைப் பார்க்குது."

"அவகிட்டயே கேளு."

"எங்கப்பா சொல்லுது, நீங்க அப்பவே கல்லுன்னு. நான் நினைச்சேன், கல்லா இருந்தா வாசல்ல வந்து படுத்துக்காது. உள்ள படுத்துக்கும். நீங்க யாராச்சும் பார்க்கட்டும்னே படுக்கிறீங்க."

நான் கட்டில் கயிற்றை இழுத்துவிட்டேன்.

"நீங்க செத்தா அழறதுக்கு ஆள் இல்லைன்னு யோசிக்கிறீங்களா? நான் அழுவேன்னு பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்குத்தானே பார்க்கிறேன். ஆனா எனக்காக மரத்தை வாங்கிக்காதீங்க மாமா. நான் கேட்க வரலை. மூஞ்சியைப் பார்க்கலாம்னுதான் வந்தேன். போறதுன்னா பார்த்துட்டுப் போகணுமில்ல."

போகும்போது, உங்க ஆட்டுக்குக் குளம்புல புழு வெச்சிருக்கு, வேப்பெண்ணெய் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தேன், வைத்துத்தான் இருந்தது.

அன்று நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் சொன்னேன். ஆபீசுக்குப் போய், இந்த வழியாக, இந்த நேரத்துக்கு வெள்ளையன் இறங்குவான் என்று நான்தான் சொன்னேன். சொல்லச் சொன்னது மாதம்மாள். அதற்கு முந்தின மாதம் மேல்மலையில் கட்டை தூக்கிய ஒருத்தனைச் சுட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், அவள் வயிற்றில் ஆறு மாதம். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, அவரு நிறுத்த மாட்டேங்கிறாரு அண்ணா, சுடறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டா உயிரோட இருப்பாரு, நீ போய்ச் சொல்லிடு, நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என் காலைப் பிடித்தாள். நான் போய்ச் சொன்னேன். அவள் கேட்டாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. மரத்தடியில் மூப்பர் மூன்று தடவை கேட்டபோது நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் போதும். அவள் இல்லை என்றாள். மூன்று தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆனாலும் அது இல்லைதான்.

பன்னிரண்டாம் நாள் காலை மூப்பர் ஆள் அனுப்பினார்.

வேங்கை பாதிக்குமேல் அறுந்து, அடியில் சிவப்பாக உறைந்து நின்றது. பத்தொன்பது வருஷம் கழித்து அதைக் கிட்டத்தில் பார்க்கிறேன், பெருத்திருந்தது. ஊர் நின்றது. முப்பத்தேழில் பதினான்கு பேர் செத்திருந்தார்கள், புதிதாகச் சேர்ந்த வாய்கள் இருந்தன. மூப்பர் மரத்தில் கை வைத்து, கையில் சிவப்பு ஒட்டியதும் எடுத்துத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"தீர்த்தன் இருக்கானா?"

எல்லாரும் மாதம்மாளைப் பார்த்தார்கள். அவள் மெலிந்துபோயிருந்தாள், முடி நரைத்திருந்தது, அது எனக்குத் தெரியாது.

"இருக்காரு," என்றாள். அப்புறம், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, சந்தையில் விலை சொல்வது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தாள். "எங்கண்ணன் போய்ச் சொன்னது நெசம். நான்தான் போய்ச் சொல்லச் சொன்னேன். கால்ல விழுந்து சொன்னேன். இவரைச் சுட்டுடுவாங்கன்னு பயந்தேன். அப்புறம் இவரு என்னை விட்டுடுவாருன்னு பயந்தேன். அதனால இல்லைன்னு சொன்னேன்."

மரத்திலிருந்து ஒரு சொட்டுப் பால் இலைச் சருகில் விழுகிற சத்தம் கேட்டது. வெள்ளையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, ஓரடி தள்ளி நின்றுகொண்டான், அவ்வளவுதான், ஆனால் அந்த ஓரடிக்குள் ஒரு ஊரே போய்வரலாம் போல இருந்தது.

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டபோது ஊர் இருக்கான் என்றது. மரம் எனக்கு வந்தது. பக்கத்திலேயே ஒரு வெப்பாலைக் கன்றுக்குக் கௌசல்யாவின் பேரை வைத்தார்கள், அதில் நாலே இலை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்புறம் வெள்ளையன் மூப்பரிடம், அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னான்:

"இவனுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?"

மூப்பர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அவருக்கு விருப்பம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேள்வி வந்துவிட்டது. மாதம்மாளின் மரம் இருபதடி தள்ளி, ஒரு புங்கன். சின்ன வயதில் அவள் மரத்தில்தான் நாங்கள் ஊஞ்சல் போடப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கினோம். ஊர் அங்கே நகர்ந்தது. அவளும் கூடவே நகர்ந்தாள், வேறு யாருக்கோ நடப்பதைப் பார்க்கப் போகிறவள் போல.

"மாதம்மா இருக்காளா?"

"இல்லை," என்றது ஊர்.

கௌசல்யா வாயைத் திறந்தாள். கல்யாணம் ஆகாதவளுக்குக் குரல் கிடையாது என்று பக்கத்தில் நின்றவள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"மாதம்மா இருக்காளா?"

"இல்லை."

இரண்டு தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்க மாட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அன்றைக்கு அவளைப் பார்த்த அதே மாதிரி, எனக்கு அந்தப் பார்வையின் உள்பக்கம் நன்றாகத் தெரியும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும் காதுக்குள் தண்ணீர் ஓடுவது போலச் சத்தம் கேட்பதும் தெரியும், அதை அவள் இரண்டு தடவையாவது முழுசாக அனுபவிக்கட்டும் என்று நின்றேன். அது எனக்குச் சேர வேண்டியது. பத்தொன்பது வருஷம் தின்ற சோற்றில் எல்லாம் அது இருந்தது.

"மாதம்மா இருக்காளா?"

"இருக்கா," என்றேன்.

ஊர் பாதி இல்லையில் நின்றுவிட்டது. வெள்ளையன் என்னைப் பார்த்தான், மூப்பர் மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அவ்வளவுதான், பேர் நிக்குது, போங்க போய் வேலையைப் பாருங்க என்றார்.

"பேர் வந்து அரை மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள வாயைப் பாரு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நான் மாதம்மாளிடம் பேசவில்லை. அவள் என் பக்கம் ஓரடி வைத்தாள், நான் ஓடைப் பக்கம் நடந்துவிட்டேன். நான் மன்னிக்கவில்லை. பேர் இருக்கிறது என்று சொன்னேன், அது வேறு.

அன்று அந்தியில் டொக்கான் கூப்பிடவில்லை. ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு வீட்டிலும் டிவி போடவில்லை. விட்டுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் அந்தியில் ஏழு தடவை கூப்பிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன், வேங்கையில் ஏழு. வெப்பாலைக் கன்றில் ஒன்றும் இல்லை, ஐந்தாவது இலை விட்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கன்றைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை காபியோடு முறுக்கும் தின்றார்கள். வெள்ளையன் மாதம்மாளை வீட்டுக்குள் விட்டான், ஆனால் அவள் சமைத்ததை அவன் தொடுவதில்லை, அவனுக்கு மகள் தனியாக ஆக்கிப்போடுகிறாள். மாதம்மாள் ஆக்கிய கஞ்சி மிஞ்சுகிறது. அதைத் தூக்கில் ஊற்றிக் கௌசல்யா தினமும் ஓடையைத் தாண்டி எடுத்துவருகிறாள், அவள் அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் மருதத்தடியில் நின்றுகொள்கிறாள், நான் அந்தப் பக்கம் பார்க்காமல் குடிக்கிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும், மூப்பரே வந்து சொல்லிவிட்டுப் போனார், இந்தத் தடவை உட்காரச் சொன்னேன். மாலைக்குக் கீழூர்ப் பூக்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வெள்ளை வேட்டி ஒன்றும் வாங்கினேன். இன்று காலை வேங்கையை விரல் வைத்து அளந்து பார்த்தேன், மூன்று விரற்கடை மரம்தான் மிச்சம் நிற்கிறது. ஒரு அந்திக்கு ஒரு விரற்கடை போகிறது. சில நாள் கொஞ்சம் குறைவாகவும் போகிறது. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவன், குருவியிடம் கேட்கப் போவதில்லை.

பொழுது இறங்கிவிட்டது. கௌசல்யா கால்மாட்டில் உட்கார்ந்து, நான் குடித்து முடித்த தூக்கை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"உங்கம்மாவுக்கு உப்பு போடத் தெரியாதா?" என்றேன். "சின்ன வயசிலேர்ந்து இப்படித்தான். கஞ்சியில உப்பே இல்லை."

அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு உப்பு போட்டுத் தரச் சொல்றேன் மாமா."

"சொல்லு."

காட்டுக்குள்ளிருந்து டொக் என்றது. தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்தாள். ஒன்று, என்று நான் எண்ணினேன்.